ஒரே மாட்டுப் பால்

கெடிலம் வீட்டுக்குள் வந்த ராத்திரி
முதலில் தூக்கியது பிள்ளையை, அப்புறம் ரேஷன் அட்டை,
அப்புறம் டிவி.
புண்ணாக்கு மூட்டை மூன்றையும் பரணேற்றத்
தனவேலுக்குத் தோள் போதவில்லை.
இரண்டு ஏறின.
ஒன்று கட்டில்மேல் நின்று
கணுக்கால் அளவு நனைந்தது.

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்
அதன் வாயைப் பிரித்தேன்.
மேலே நல்ல கடலை மணம்.
அடியில் கைவிட்டால் வெதுவெதுப்பு,
யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன இடம் மாதிரி.
ஒரு கட்டியை உடைத்தேன்.
உள்ளே, அரைத்துக் காய்ந்த மருதாணியின் பச்சை.

சுரண்டினேன்.
ரோட்டோரம் சாக்கு விரித்து மூன்று வெயில் காட்டினேன்.
ஒரு வாரப் பால் பணம்
அந்த ஐம்பது கிலோவுக்குள்தான் இருந்தது.
ஊறவைத்துத் தொட்டியில் கரைத்தால்
பச்சை எங்கே, பழுப்பு எங்கே?
குழுக் கடனில் வாங்கியதால் 'லோனு' என்று பேரான மாடு
மூக்கு முங்கக் குடித்தது.
மாடுதானே என்று நினைத்தேன்.
அதை மறைக்கமாட்டேன்.

சொசைட்டியில் தையல்நாயகி அளந்தாள்.
கொழுப்பு நாலு புள்ளி இரண்டு.
"உன் கை தண்ணி கலக்காத கை" என்றாள்.

இனியாவுக்கு மட்டும் தனிச் சொம்பு.
குழந்தைக்கு ஒரே மாட்டுப் பாலாகக் கொடு, வயிறு கெடாது என்று
பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரி சொன்னது.
கேன் போகும் முன்னால்
முதல் கால் லிட்டர் அவளுக்கு.
நுரை மீசையோடு சிரிப்பாள்.

மார்கழியில் புதுச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியோடு
கால்நடைக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள்.
சின்னப் புட்டியில் என் பெயரை ஒட்டி
லோனுவின் பாலைக் கொண்டுபோனார்கள்.
பொங்கல் கழித்து டாக்டர் பெனாசிர் நேரிலேயே வந்துவிட்டார்.

வெயிலில் போட்டேனே?
"பூஞ்சை காயும். விஷம் காயாது."
பொங்கப் பொங்கக் காய்ச்சினேனே?
"பால் சுண்டும். அது சுண்டாது."
தயிராக்கினால்?
"தயிரிலும் இருக்கும்."
புண்ணாக்கை நிறுத்தினால்?
"ஒரு வாரத்தில் பால் தேறிடும்."
குடிச்சது?

பேனா மூடியைக் கழற்றினார், போட்டார்.
ஈரல் என்றார்.
வருஷக்கணக்கில் குடித்தால்தான் என்றார்.
பயப்படாதீங்க என்று சொல்லும்போது
இனியாவைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன்.
என் ஏழு லிட்டர் ஊர்க் கேனில் கலக்கும்,
கேன் டேங்கரில் கலக்கும்,
கடலூர் டவுனில் யார் வீட்டுக் காப்பிக்கோ போகும்போது
என் பச்சை கரைந்து கரைந்து
ஊசி முனைக்கும் தேறாது.
கலக்காமல் குடித்தது நாங்கள்தான்.
ஒரே மாடு, ஒரே சொம்பு, தினமும்.
கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது,
பிறத்தியார் பாவம் இல்லை என்று.
டேங்கரில் கலந்த மற்ற கேன்களும்
கெடிலத்தங்கரைக் கேன்கள்தான் என்பது
விடியும்போதுதான் உறைத்தது.

மூட்டையில் பன்னிரண்டு கிலோ மிச்சம்.
மீன்குட்டை வீரப்பெருமாள்
கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் தருகிறேன் என்றார்.
மீனுக்குத்தானே என்றார்.
நான் உடனே பதில் சொல்லவில்லை.
அதையும் மறைக்கமாட்டேன்.

கொல்லையில் இடுப்பளவு குழி.
கொட்டும்போது கடலை வாசத்துக்கு
லோனு கயிற்றை முறுக்கிக்கொண்டு இழுத்தது.
கன்று மடியை முட்டியது.
அதற்கு யார் என்ன சொல்வது?

காலையில் இனியா
காலிச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள்.
கறந்ததைக் குழியில் ஊற்றிவிட்டு வந்த கை
இன்னும் சூடாறவில்லை.